ஆலங்குளம் வழி

செருப்பு அங்கேயே கெடக்கட்டும் அண்ணாச்சி, உள்ள வாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. பால்வண்ணன் தம்பியப் பத்தி விசாரிக்கத்தான வந்திருக்கிய? தரகர் போன்ல சொன்னாவ. நல்ல காரியம். பொண்ணக் கட்டிக் குடுக்கவன் நாலு இடத்துல விசாரிக்கத்தான் செய்யணும். அந்தக் குடும்பத்துல பொண்ணு குடுத்தவன் நான். என்கிட்ட கேக்காம வேற யாருகிட்ட கேப்பிய?

உள்ளத உள்ளபடி சொல்லிருதேன். ஆளுக நல்ல ஆளுக. அம்பாசமுத்திரத்துல சொந்த வீடு, ஊருல நல்ல பேரு, ஒரு வம்பு தும்பு கெடையாது. ஆனா எனக்கு ஒரு மனக்கொற உண்டு. மூத்தவன் இருக்கான்லா, எம் மாப்ள பால்வண்ணன், அவனப் பத்தித்தான். தங்கமான பையன். ஆனா வேலைல மந்தம். அதுவும் எந்த வேலைல? அவன் படிச்சு, அவன் சம்பளம் வாங்குத அதே வேலைல. நான் சும்மா சொல்லல. எங் கண்ணால பாத்தவன். கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

ஏளா செம்பகம், அண்ணாச்சி வந்திருக்காவ, காப்பி போடு. சீனி கொறச்சா? கொறச்சுப் போடுளா.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவன் அண்ணாச்சி. இந்தப் பாளையங்கோட்டைல முக்காவாசி வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். ரிட்டயர் ஆனதும் வீட்டுல சும்மா இருக்க முடியல. காலைல பேப்பர், பொறவு மறுபடியும் அதே பேப்பர். செம்பகம்தான் சொன்னா, எங்கயாவது போய் எதையாவது படிங்க, என் அடுக்களைல வந்து நின்னு எதுக்கு இவ்வளவு கடுகுன்னு கேக்காதீங்கன்னு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டருல சேந்தேன். அங்க பாடம் எடுத்த பையன் என்ன சொன்னான் தெரியுமா? "அங்கிள், உங்க வயசுக்கு மெயில் அனுப்பத் தெரிஞ்சாப் போதும்." எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. ஊருக்கே கனெக்‌ஷன் குடுத்தவன்கிட்ட பேசுத பேச்சா அது?

அன்னைக்கே முடிவு பண்ணேன். மூடிப்போன ஒரு ஆபீஸ்லேருந்து பெரிய கம்ப்யூட்டர் ஒண்ண வாங்கி மாடில கொண்டுவந்து வச்சேன். கம்ப்யூட்டருன்னா சின்னதுன்னு நெனைக்காதிய. ரெண்டுபேரு தூக்கணும். ஓட ஆரம்பிச்சா மாவு மில்லு மாதிரி சத்தம். பின்பக்கம் சூடா காத்து வரும். செம்பகம் அதுக்குப் பின்னால முறத்த வச்சு கூழ்வத்தல் காயப்போடுவா. மழைக்காலத்துல அவளுக்கு ரொம்ப சௌகரியம். அந்த ஒரு விஷயத்துலதான் அவ என்னயப் பாராட்டுனது.

இப்ப நான் செஞ்ச காரியத்த சொல்லுதேன், கவனிச்சுக் கேளுங்க, ஒண்ணும் கஷ்டமில்ல. அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குள்ளயே மூணு சின்னக் கம்ப்யூட்டர உண்டாக்கலாம். கையால தொட முடியாது. ஆனா ஒவ்வொண்ணும் நான் தனி ஆளுன்னு நெனச்சிக்கிட்டு ஓடும். ஒரு பெரிய வீட்டுல மூணு குடித்தனம் வச்ச மாதிரி. விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாவ. அந்த மூணுக்கும் நான் பேரு வச்சேன். மொதல்லது பாளை. கடைசில உள்ளது தென்காசி. நடுவுல ஆலங்குளம். ஏன்னு உங்களுக்கே தெரியும்லா? இங்கேருந்து தென்காசிக்குப் போகணும்னா ஆலங்குளம் வழியாத்தான போகணும். அதே மாதிரி பாளைலேருந்து தென்காசிக்கு ஒரு சேதி போகணும்னா ஆலங்குளம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளி விடணும். ஆலங்குளம்தான் ரவுட்டரு. அவ்வளவுதான் விஷயம்.

பாளைல உக்காந்துக்கிட்டு தென்காசிக்கு "இருக்கியா?"ன்னு கேக்கணும். தென்காசி "இருக்கேன்"னு சொல்லணும். அதுக்குப் பேரு பிங்கு. கேட்டேன் அண்ணாச்சி, மாசக்கணக்கா கேட்டேன். பதிலே கெடையாது. பக்கம் பக்கமாப் படிச்சேன், வீடியோ பாத்தேன், அதுல இந்திக்காரன் ஒருத்தன் பேசுனான், அதயும் புரியாமலே முழுசாப் பாத்தேன். ம்ஹூம். செம்பகம் சாப்பிடக் கூப்பிட்டா காதுல விழாது. வேற என்ன சொன்னாலும் விழாதுன்னு அவ சொல்லுவா, அது பொய்யி.

இந்த சமயத்துலதான் எம் மகளுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தோம். உமையாள் காலேஜுல பாட்டனி டீச்சரு. ஒரே மக. முந்தி மூணு மாப்ள வந்து பாத்துட்டுப் போனாவ. மூணுபேரும் வாசலத் தாண்டுததுக்குள்ள "வேண்டாம்ப்பா"ன்னுட்டா. ஒருத்தன் வந்ததுலேருந்து போனையே பாத்துக்கிட்டிருந்தானாம். ஒருத்தன் "கல்யாணத்துக்குப் பொறவும் வேலைக்குப் போவியளா"ன்னு கேட்டானாம். மூணாமத்தவனுக்கு என்ன கொறன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

நாலாவதா வந்தவன்தான் பால்வண்ணன். திருவனந்தபுரத்துல கம்ப்யூட்டர் கம்பெனி வேல. என்ன வேலன்னு தரகர்கிட்ட கேட்டா, "கம்ப்யூட்டரையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற வேல"ன்னாவ. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அம்மா அப்பா, தாய்மாமா, சித்தி எல்லாரும் கீழ உக்காந்து கேசரி சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதே நான் அவன மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். செம்பகம் கண்ணக் காட்டுனா. நான் பாக்கல.

கம்ப்யூட்டரக் காட்டுனேன். பாளை, ஆலங்குளம், தென்காசி எல்லாம் சொன்னேன். பேரக் கேட்டு அவன் சிரிச்சான். குனிஞ்சு பாத்தான். கீபோர்டுல ரெண்டு வரி அடிச்சான். தலைய ஆட்டுனான். "ஓ, இதுவா மாமா"ன்னு வாயத் தெறந்தான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே மாமாங்கான், பாத்துக்கிடுங்க. அந்த நேரம் பாத்து உமையாள் காப்பியக் கொண்டுவந்தா. கீழ அவன் இல்லன்னதும் மேலயே கொண்டுவந்துட்டா. வந்தவ அவனப் பாத்தா, என்னயப் பாத்தா. "ஏம்ப்பா, இவ்வளவு நேரமா நிக்க வச்சே பேசிக்கிட்டிருக்கியளே, ஒரு ஸ்டூலக் குடுக்கக் கூடாதா?"ன்னா. அவன் சிரிச்சான். அவளும் சிரிச்சா. "அப்பாகிட்ட மாட்டுனா கஷ்டம். இவங்க மூணுபேரும் எனக்குத் தெரிஞ்ச நாளா பேச்சுவார்த்த இல்லாம இருக்காங்க"ன்னு மெஷினக் காட்டிச் சொன்னா. "அப்படியா? கேக்கவே பாவமா இருக்கே"ன்னான். ரெண்டுபேரும் மறுபடி சிரிச்சாவ. எனக்கு அதுல என்ன சிரிப்புன்னு புரியல.

அவ ஸ்டூல எடுத்துப் போட்டுட்டுக் கீழ எறங்கிப் போனா. "என்னமோ சொல்ல வந்தியே தம்பி"ன்னேன். அவன் படிக்கட்டையே பாத்துக்கிட்டு நின்னான். பொறவு என்ன சொன்னான் தெரியுமா? "இல்ல மாமா, ரொம்பச் சிக்கலா இருக்கு. ஒரு நாள்ல முடியாது. வந்து வந்து பாக்கணும்."

எனக்குச் சப்புன்னு ஆயிட்டு.

கீழ வந்தோம். அவ அப்பா... இல்ல, அவன் அப்பா, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு, உங்க அபிப்பிராயம் சொல்லுங்க"ன்னு கேட்டாவ. நான் மறைக்கத் தெரியாத ஆளு. "தம்பிக்கு அவரு வேலயே சரியாத் தெரியலன்னு படுது. மொதல்ல மாடில இருக்கத சரிபண்ணிக் காட்டட்டும், பொறவு பேசுவோம்"னுட்டேன். எல்லாரும் அப்படியே உக்காந்துட்டாவ. தாய்மாமா கேசரித் தட்டக் கீழ வச்சிட்டாரு. அவன் ஒருத்தன்தான் அசரல. "சரி மாமா, வார ஞாயித்துக்கெழம வாரேன்"னான். கோவப்பட்டிருக்கணும்லா? சந்தோஷமாச் சொல்லுதான். அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம், பையன் கொஞ்சம் அசடோன்னு.

உமையாள் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. பிடிக்கலன்னும் சொல்லல, பிடிச்சிருக்குன்னும் சொல்லல. நான் அவ அபிப்பிராயமும் என் அபிப்பிராயமும் ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டேன்.

என்னளா இருமுத? தண்ணியக் குடி. அண்ணாச்சி, இவளுக்கு இந்தக் கதைய ஆரம்பிச்சாலே இருமல் வந்துரும். தூசி ஒத்துக்கிடாது.

சொன்ன மாதிரி ஞாயித்துக்கெழம வந்தான். திருவனந்தபுரத்துலேருந்து காலைல வண்டியப் பிடிச்சு வந்து எறங்குனான். மாடிக்குப் போனான். சாயங்காலம் வரைக்கும் உக்காந்து ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிச்சான். பாளைக்கு, தென்காசி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியலயாம். "ஆலங்குளம் வழியாப் போ"ன்னு அதுக்கு யாரும் சொல்லலயாம். ஒரு வரி அடிச்சுச் சொன்னான். ஒரு வரி அண்ணாச்சி! ஒரு நாள் முழுக்க! மத்த நேரமெல்லாம் என்ன செஞ்சான்னு கேக்கிய? உமையாள்கிட்ட வெளக்கிக்கிட்டிருந்தான். அவ அதுவரைக்கும் அந்த ரூமுக்குள்ள வந்ததே கெடையாது. சத்தம் ஆகாதுன்னுவா. இப்ப என்னன்னா பரீட்ச பேப்பர் திருத்துதேன்னு அங்கயே வந்து உக்காந்துட்டா. நல்லதுதான்னு விட்டுட்டேன். அந்நிய ஆளு ஒருத்தன் என் மெஷின நோண்டும்போது நம்ம ஆளு ஒண்ணு பக்கத்துல இருக்கது பாதுகாப்பு. நான் இடைல இடைல கீழ எறங்கி தலையச் சாய்க்கணும்லா?

அடுத்த ஞாயித்துக்கெழம வந்தான். அன்னைக்கு ஆலங்குளத்தப் பாத்தான். அது என்ன செஞ்சிருக்குன்னா, தன் பேருக்கு வந்த சேதிய மட்டும் வாங்கிக்கிட்டு, அடுத்தவன் பேருக்கு வந்ததக் கீழ போட்டுக்கிட்டிருந்திருக்கு. தள்ளி விடணும்னு ஒரு அனுமதி குடுக்கணுமாம். குடுத்தான். இப்ப பாளைலேருந்து கேட்ட கேள்வி தென்காசி வரைக்கும் போயிட்டு. போய்ச் சேருதத ஸ்கிரீன்ல காட்டுனான். எனக்குத் துள்ளிக் குதிக்கணும்போல இருந்துச்சு. ஆனா தென்காசிலேருந்து பதிலு வரல. "அது ஏன்?"ன்னேன். மூஞ்சிய வச்சிக்கிட்டு யோசிச்சான், யோசிச்சான். "தெரியலையே மாமா. அடுத்த வாரம் பாப்போம்"னான். உமையாள் தலையக் குனிஞ்சு பேப்பரத் திருத்திக்கிட்டிருந்தா. அவ தோளு குலுங்குச்சு. அவளுக்கும் ஏமாத்தம்தான்போல.

இடைல கரண்டு போச்சு. மெஷினு அணைஞ்சு எந்திச்சுது. பாத்தா, அவன் செஞ்சது அத்தனையும் மறந்துபோச்சு! பாளைக்கு வழி தெரியல, ஆலங்குளம் தள்ளி விடமாட்டேங்கு. மூணாவது ஞாயித்துக்கெழம வந்தவன்கிட்ட கேட்டேன். "ஐயையோ, நிரந்தரமா எழுதி வைக்க மறந்துட்டேன் மாமா. தற்காலிகமாத்தான் போட்டிருந்தேன்"னு தலையச் சொறியுதான். எப்படி இருக்கு பாருங்க! திரும்ப மொதல்லேருந்து எல்லாம் போட்டான். சரி, இந்தத் தடவையாவது நிரந்தரமாப் போட்டானான்னா, அதுவும் இல்ல. நாலாவது வாரமும் அதே கதை. இத்தனைக்கும் அந்த வாரம் கரண்டே போகல. மெஷினு மட்டும் தானா அணைஞ்சு எந்திச்சிருக்கு. வீட்டுல எல்லார்ட்டயும் கேட்டேன். "எலி கிலி சுவிட்சுல ஏறியிருக்கும்ப்பா"ன்னா உமையாள். ரூம் முழுக்க எலிப்பொறி வச்சேன். ஒரு எலியும் சிக்கல.

இந்தச் செம்பகம் வேற. ஞாயித்துக்கெழம வந்தாப் போதும், அடுக்களை கல்யாண வீடு மாதிரி ஆயிரும். அவியலு, எரிசேரி, பாயசம். மூணாவது வாரம் தேங்காப்பால் ஊத்திச் சொதி வச்சிட்டா. அண்ணாச்சி, நம்ம பக்கம் சொதி எப்ப வைப்பாவ? கல்யாணம் முடிஞ்சு மாப்ள மறுவீடு வாரப்ப. நான் கேட்டேன், எதுக்குளா இப்பச் சொதின்னு. தேங்கா நெறய கெடந்துச்சு, வீணாப் போகக் கூடாதுன்னுட்டா. அவன் நல்லா மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டான். வேலதான் மந்தம், சாப்பாட்டுல இல்ல.

இப்படியே போய்க்கிட்டிருந்ததா, அம்பாசமுத்திரத்துலேருந்து அவன் அம்மா செம்பகத்துக்குப் போன் போட்டுட்டாவ. நல்ல பொம்பளதான், ஆனா அன்னைக்குக் கோவமாப் பேசுனாவ. "எம் மகன் ஞாயித்துக்கெழம தவறாம உங்க வீட்டுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போறான்னு தெருவே பேசுது. ராஜபாளையத்துலேருந்து ஒரு எடம் வந்திருக்கு, அவங்க பதில் கேக்காங்க. நீங்க ஆம்னா ஆம்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க"ன்னாவ. செம்பகம் போன வச்சிட்டு அழுதா. எனக்கு ரோஷம் வந்துட்டு. இவன் இல்லன்னா என்னால முடியாதா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காரன் நான்.

உக்காந்தேன் அண்ணாச்சி. விடல. அந்த நிரந்தரமா எழுதி வைக்கத எப்படின்னு நானே கண்டுபிடிச்சேன். பாளைக்கு எழுதி வச்சேன். ஆலங்குளத்துக்கு எழுதி வச்சேன். அணைச்சு எழுப்பிப் பாத்தேன், மறக்கல! மத்தியானம் சாப்பிட எறங்கி வந்து சொன்னேன். "இனிமே அந்தப் பையன் வரவேண்டாம். பாதி நானே முடிச்சிட்டேன், மீதியயும் நானே முடிச்சுக்கிடுவேன். ராஜபாளையத்துக்காரங்களுக்கே குடுக்கட்டும்." செம்பகம் மோர ஊத்திட்டு உள்ள போயிட்டா. உமையாள் இலையில கையக் கழுவிட்டு எந்திச்சிட்டா. சோறு அப்படியே கெடந்துச்சு. ரெண்டு நாளா அவ சரியாச் சாப்பிடல. காலேஜ்ல பரீட்ச வேல அதிகம்னு நான் நெனச்சேன்.

அவனுக்கு நானே போன் போட்டேன். "தம்பி, ரொம்ப சந்தோஷம், இனிமே உங்களுக்குச் சிரமம் வேண்டாம்"னேன். அவன் மெதுவாக் கேட்டான், "மாமா, தென்காசிலேருந்து பதிலு வருதா?"

"இல்ல. போகுது, திரும்பி வரல."

"அப்ப நான் வரணும் மாமா."

மறுநாள் வேலநாளு. லீவப் போட்டுட்டு காலைல வந்து நிக்கான். சட்டை கசங்கியிருக்கு, முகத்துல சிரிப்பு இல்ல. செம்பகம் "வாங்க தம்பி, காப்பி"ன்னா. "இதோ வந்துருதேன் அத்தை"ன்னுட்டு நேரா மாடிக்கு ஏறுனான். நான் பின்னாலயே போனேன். ஸ்டூல்ல கூட உக்காரல. நின்னுக்கிட்டே தென்காசியத் தெறந்தான், ஏதோ அடிச்சான், அணைச்சு எழுப்புனான், பாளைலேருந்து பிங்கு போட்டான்.

வந்துட்டு அண்ணாச்சி! பதிலு வந்துட்டு. வரிவரியா வந்துக்கிட்டே இருக்கு. கீழ செம்பகம் இன்னும் காப்பிய ஆத்தி முடிக்கல.

என்ன கோளாறுன்னா, தென்காசிக்குத் திரும்பி வாரதுக்கு வழி தெரியல. கேள்வி வருது, பதிலும் சொல்லுது, ஆனா அந்தப் பதில வேற வாசல் வழியா வெளிய தூக்கிப் போடுது. பாளைக்குப் போகணும்னா நீயும் ஆலங்குளம் வழியாத்தான் போகணும்னு அதுக்கும் தனியாச் சொல்லணும். நான் அங்கதான் கவுந்துட்டேன். டெலிபோன்ல அப்படி இல்ல பாத்துக்கிடுங்க. ஒரு தடவ லைனப் போட்டுக் குடுத்துட்டா ரெண்டுபேரும் பேசிக்கிடலாம், போறதுக்கும் வாரதுக்கும் ஒரே லைனு. இதுல போறவனுக்கும் சொல்லணும், வாரவனுக்கும் சொல்லணும். எனக்கு அது தோணவே இல்ல. அதச் சரியாச் சொன்னான் அவன். ஆனா நான் கேக்கது என்னன்னா, இவ்வளவு லேசான விஷயத்துக்கு அவனுக்கு ஏன் இத்தன வாரம்? அன்னைக்கு மட்டும் எப்படி நிமிஷத்துல முடிஞ்சுது? நானா ஒரு காரணம் வச்சிருக்கேன். வேலைய விட்டுத் தூக்கிருவோம்னு சொன்னதும் பயம் வந்துட்டு. சில ஆளுகளுக்கு அப்படித்தான், விரட்டுனாத்தான் மூளை வேல செய்யும்.

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. மாசக்கணக்கா கேட்ட கேள்வி அண்ணாச்சி! அவன் அத வேற மாதிரி நெனச்சிட்டான்போல, பக்கத்துல வந்து எங் கையப் பிடிச்சுக்கிட்டான்.

"மாமா, இது முடிஞ்சிட்டு. இனிமே கரண்டு போனாலும் மறக்காது. ஆனா நான் லீவு போட்டு வந்தது இதுக்கு இல்ல. உமையாள எனக்குக் கட்டிக் குடுங்க. அப்பா அம்மா கேட்டுட்டாங்க, இப்ப நானே கேக்கேன். இல்லன்னு சொல்லுததா இருந்தா அதயும் எங்கிட்ட நேராச் சொல்லிருங்க"ன்னான். வெளையாட்டா ஒரு வார்த்த அதுல கெடையாது.

திரும்பிப் பாத்தா, உமையாள் வாசல்ல நிக்கா. காலேஜுக்குப் பொறப்பட்டவ, தோள்ல பை தொங்குது, போகல.

"நீ என்னம்மா சொல்லுத?"ன்னேன்.

"எனக்குச் சம்மதம்ப்பா."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து."

"அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாம்மா?"

"நீங்க கேக்கவே இல்லையேப்பா"ன்னா. கோவமாச் சொல்லல. சொல்லிட்டு அழுதுட்டா.

அது எனக்குத் தச்சிட்டு அண்ணாச்சி. முந்தி மூணு பேரு வந்தப்ப அவகிட்ட நான் கேட்டேனான்னு யோசிச்சுப் பாத்தேன். அப்பயும் கேக்கல. பிடிக்காதத அவளே ஓடிவந்து சொல்லிட்டா. பிடிச்சது வந்தா அவளா வந்து சொல்ல மாட்டா, நாமதான் கேக்கணும்னு எனக்கு யாரு சொல்லித்தந்தா? செம்பகத்துக்குத் தெரிஞ்சிருக்கு. பக்கத்து வீட்டு மதினிக்குத் தெரிஞ்சிருக்கு. தரகருக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்தவன் எனக்கு மட்டும் தெரியல. நான் ஆலங்குளத்தயும் தென்காசியயும் பாத்துக்கிட்டிருந்துட்டேன்.

அன்னைக்கே நானே அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டேன். "சம்மந்தி, நேத்து நான் தம்பிகிட்ட பேசுனது தப்பு, மனசுல வச்சிக்கிடாதிய"ன்னேன். அவன் அம்மா, "உங்க கம்ப்யூட்டரு சரியாயிட்டா?"ன்னு கேட்டாவ. சரியாயிட்டுன்னேன். "அப்பாடா"ன்னு அவங்க சிரிச்ச சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டுது. ஆவணில கல்யாணத்த முடிச்சோம். உமையாளுக்குத் திருவனந்தபுரத்துலயே ஒரு காலேஜுல எடம் கெடச்சிட்டு. நல்லா வச்சிருக்கான். அவ சொல்லுதத அவன் கேக்கான், அவன் சொல்லுதத அவ கேக்கா. கொற சொல்ல ஒண்ணும் கெடையாது, நான் மொதல்ல சொன்ன அந்த ஒண்ணத் தவிர.

காப்பி வந்துட்டு, எடுத்துக்கிடுங்க. நீ ஏன்ளா முந்தானைய வாயில வச்சிக்கிட்டு நிக்க? அண்ணாச்சியும் சிரிக்காவளே. எதுக்குச் சிரிக்கிய அண்ணாச்சி? சரி, விடுங்க.

உங்க விஷயத்துக்கு வாரேன். சின்னவன் பேங்குலதான இருக்கான்? தாராளமாக் குடுங்க. கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம். கல்யாணத்துல அந்தப் பையன்தான் பந்தியப் பூரா பாத்துக்கிட்டான், சாப்பிடாத ஆளத் தேடித் தேடி உக்கார வச்சான். ஆனா அண்ணன மாதிரியே மந்தமா இருப்பானோன்னு உங்களுக்குப் பயம் இருந்தா, ஒண்ணு செய்யுங்க. வீட்டுல கெட்டுப்போனது எதையாவது குடுத்துச் சரிபண்ணச் சொல்லுங்க. ஒடனே முடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான்னா கெட்டிக்காரன். "அடுத்த வாரம் வாரேன்"னு இழுத்தான்னா, அண்ணன் புத்தின்னு வச்சிக்கிடுங்க. ஆனா உங்க மககிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க. அத மட்டும் மறக்காதிய.

அவ உள்ள போயிட்டாளா? கொஞ்சம் இப்படிக் கிட்ட வாங்க, ஒண்ணு சொல்லுதேன். கல்யாணம் ஆன புதுசுல மகளும் மாப்ளையும் அடிக்கடி வந்தாவ. இப்ப அவளுக்குக் காலேஜு, அவனுக்கு வேல, தீபாவளிக்கு வந்ததுதான். செம்பகம் வெளிய சொல்லமாட்டா, ஞாயித்துக்கெழம காலைல மட்டும் வாசக்கதவு சத்தம் கேட்டா எட்டிப் பாப்பா. நானும் பாக்கத்தான் செய்யுதேன். அதனால போன வாரம் ஒரு காரியம் பண்ணேன். தென்காசில அந்தத் திரும்பி வார வழி எழுதியிருக்குல்லா, அந்த வரிய நானே அழிச்சிட்டேன். செம்பகத்துக்குத் தெரியாது. அழிச்சிட்டு மாப்ளைக்குப் போன் போட்டேன். "மாப்ள, மறுபடியும் பதிலு வரமாட்டேங்கு, என்னன்னே தெரியல"ன்னேன்.

உமையாள் பக்கத்துல இருந்து என்னன்னு கேக்கா, இவன் அவகிட்ட என்னமோ சொல்லுதான், ரெண்டுபேரும் சிரிக்காவ. "ஐயையோ, அது பெரிய சிக்கலாச்சே மாமா. ஒரு வாரத்துல முடியுத காரியம் இல்ல, வந்து வந்துதான் பாக்கணும்"ங்கான்.

பாத்தியளா? போன தடவ அவனே கண்டுபிடிச்ச அதே கோளாறு, அதுக்குள்ள மறந்துட்டான். நான் என்ன சொல்லுதேன் உங்ககிட்ட, அவனுக்கு வேல தெரியாது அண்ணாச்சி. "அவசரமே இல்ல மாப்ள, மெதுவாப் பாருங்க"ன்னுட்டேன்.